ஷட்டர் எத்தனை முறை திறந்தது?

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை விற்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். விவரம் தெரிந்தவர் முதலில் விலையைக் கேட்க மாட்டார். "ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?" என்பார். வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்பதுகூட அவருக்கு இரண்டாம்பட்சம்தான். ஆறு வருடம் பீரோவுக்குள் தூங்கிய கேமராவும் உண்டு, ஆறே மாதத்தில் நாற்பது கல்யாணம் பார்த்த கேமராவும் உண்டு. துடைத்து மேஜையில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய பைக் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பதில்லையா, அதே கதைதான். என்ன, பைக்கின் மீட்டர் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. கேமராவின் மீட்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் உள்ளே எங்கோ ஒளித்து வைத்திருக்கின்றன.

அப்படி எண்ணப்படுவது எது? சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் உண்டு. ஒவ்வொரு திரையும் மெல்லிய தகடுகள் சிலவற்றின் அடுக்கு. அலுமினியத்தில் செய்வார்கள், விலை கூடிய மாடல்களில் கார்பன் நார், கெவ்லர் கலவையும் உண்டு. பட்டனை அழுத்தியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழுகிறது. முதல் திரை சரிந்து சென்சாரைத் திறக்கிறது. இரண்டாம் திரை அதன் பின்னாலேயே சரிந்து மூடுகிறது. கண்ணாடி பழையபடி இறங்குகிறது. ஒரு சின்ன மோட்டார் திரைகளை மேலே இழுத்து ஸ்பிரிங்கை முறுக்கி அடுத்த படத்துக்குத் தயாராக நிறுத்துகிறது. நம் காதில் விழுவது ஒரே ஒரு 'சடக்'. இந்தச் 'சடக்'தான் கணக்கில் ஏறுகிறது.

இதில் உள்ள வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் சென்சாரின் உயரம் 24 மி.மீ. நல்ல ஷட்டரில் ஒரு திரை அந்த உயரத்தைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆகிறது. ஆனால் 1/8000 நொடி என்பது 0.125 மில்லிசெகண்ட்தான். முதல் திரை கடந்து முடிக்கும்வரை இரண்டாம் திரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அதனால் முதல் திரை கிளம்பி ஒரு மில்லிமீட்டர் நகர்வதற்குள் இரண்டாம் திரையும் கிளம்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடுக்கு. அந்த இடுக்கு சென்சாரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓடுகிறது. போகிற வழியெல்லாம் ஒளி விழுகிறது. ஓட்டம் முழுக்க அந்த இடுக்கின் அகலம் மாறக் கூடாது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, எங்கோ ஓர் உராய்வு கூடினாலோ, ஒரு திரை மற்றதைவிட இம்மியளவு தாமதித்தாலும் போதும், படத்தின் ஒரு பக்கம் இருட்டடித்துவிடும். 1/125-இல் இடுக்கு என்ற பேச்சே இல்லை, சென்சார் முழுதாகத் திறந்திருக்கும். அங்கே இதே தாமதம் கண்ணுக்கே தெரியாது. தேய்ந்த ஷட்டர் தன்னைக் காட்டிக்கொடுப்பது அதிவேகங்களில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

தயாரிப்பாளர்கள் ஷட்டரை இடைவிடாமல் இயக்கிச் சோதித்து ஓர் ஆயுளைச் சொல்கிறார்கள். கேனனின் முதல் 5டி-க்கு ஒரு லட்சம். அதன் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 மூன்றுக்கும் ஒன்றரை லட்சம். நிக்கான் டி850-க்கு 2 லட்சம். பத்திரிகைக்காரர்களும் விளையாட்டுப் படக்காரர்களும் வைத்திருக்கும் 1டி எக்ஸ், டி4 போன்றவற்றுக்கு 4 லட்சம். ஒன்றரை லட்சம் என்றால், பழைய 36 படச் சுருளில் நாலாயிரம் சுருளுக்கு மேல். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் கேட்டால் மலைத்துப்போவார். இன்று ஒரு முகூர்த்தத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் என்று எடுத்துத் தள்ளும் கேண்டிட் போட்டோகிராபருக்கு அது இரண்டு மூன்று கல்யாண சீசனோடு சரி. 1டி எக்ஸ் நொடிக்கு 12 படம் எடுக்கும். விரலை எடுக்காமலே அழுத்திக்கொண்டிருக்க முடிந்தால், 4 லட்சமும் ஒன்பதே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இந்த எண்ணைக் காலாவதித் தேதிபோல எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. ஒன்றரை லட்சம் என்று போட்டிருக்கும் ஷட்டர் நாற்பதாயிரத்தில் உடைவதும் உண்டு, மூன்று லட்சம் தாண்டி ஓடுவதும் உண்டு. அறுபதாயிரம் ஓடிய பாடியைப் பார்த்து, "பாதி ஆயுள் போயிற்று, பாதி விலைக்குக் கொடு" என்று பேரம் பேசுபவரிடம் பணிந்துபோக வேண்டியதில்லை. உடைந்தாலும் கேமரா குப்பைக்குப் போவதில்லை, ஷட்டர் பாகத்தை மட்டும் மாற்றலாம். அந்தச் செலவு கேமராவின் இன்றைய விலைக்கு ஈடுகொடுக்குமா என்பதுதான் கேள்வி. விலை உயர்ந்த பாடிக்கு ஈடுகொடுக்கும். பத்து வருடம் பழகிய தொடக்கநிலை மாடலுக்குப் பெரும்பாலும் ஈடுகொடுக்காது.

சரி, எண்ணைப் பார்ப்பது எப்படி? முதலில் ஒரு தவறான வழியை ஒதுக்கிவிடலாம். படத்தின் கோப்புப் பெயரில் இருக்கும் எண்ணைக் காட்டி, "பாருங்கள், நாலாயிரம்தான் எடுத்திருக்கிறேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். டிஜிட்டல் கேமராக்களுக்கான கோப்புப் பெயர் விதிப்படி அந்த இடத்தில் நாலு இலக்கம்தான். 9999 வந்ததும் மறுபடி 0001 ஆகிவிடும். 4,000 என்று காட்டும் கேமரா 14,000-மும் எடுத்திருக்கலாம், 94,000-மும் எடுத்திருக்கலாம். போதாததற்கு, இந்த எண்ணை மெனுவிலேயே ரீசெட் செய்ய முடியும். சொல்பவர் பொய் சொல்கிறார் என்பதில்லை. பலருக்கு இது தெரியாது.

நம்பத்தக்க எண் இருப்பது படத்துக்குள். கேமரா எடுக்கும் ஒவ்வொரு ஜேபெக் கோப்பிலும் எக்சிஃப் என்ற விவரப்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1995-இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் ஒன்று வகுத்த தரம் அது. தேதி, ஷட்டர் வேகம், அபெர்ச்சர் எல்லாம் அதில் பதிவாகும். அதற்குள்ளேயே ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் குறிப்புகளை எழுதிக்கொள்ள ஒரு மூலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிக்கானும் பென்டாக்ஸும் ஷட்டர் எண்ணை அந்த மூலையில் எழுதிவைக்கின்றன. விண்டோஸில் வலது கிளிக் செய்து பார்த்தால் தெரியாது. ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் இலவசமாகக் கொடுத்துவரும் எக்சிஃப்டூல் என்ற நிரல் இந்த மூலைகளை எல்லாம் துழாவி வாசித்துவிடும். சோனி தன் குறிப்புகளைச் சங்கேதமாக்கி எழுதுகிறது. பல மாடல்களில் அதையும் எக்சிஃப்டூல் அவிழ்த்துவிடுகிறது.

இதற்குக் கேமராவிலிருந்து நேரே வந்த படம் வேண்டும். லைட்ரூமில் திருத்தி எக்ஸ்போர்ட் செய்த படத்தில் அந்த மூலை காணாமல் போயிருக்கும். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் எக்சிஃப் மொத்தமும் வழியிலேயே உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். வாங்க வருபவர் "ஒரு படம் அனுப்புங்கள்" என்றால் அவர் கேட்பது இதைத்தான், உங்கள் கலைத்திறனை அல்ல.

கேனன் இந்த விஷயத்தில் கஞ்சன். பெரும்பாலான மாடல்களில் எண்ணைப் படத்துக்குள் எழுதுவதில்லை. 1டி எக்ஸ் போன்ற உயர்நிலை மாடல்களில் மெனுவுக்குள்ளேயே காட்டும். மற்றவற்றுக்கு யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, அதற்கென்று வெளியார் எழுதிய நிரல் ஏதாவது வைத்துத்தான் கேட்க வேண்டும். எல்லா மாடலும் பதில் சொல்லாது. கடைசி வழி சர்வீஸ் சென்டர். ஒலிம்பஸில் வேறு விதமான வேடிக்கை: குறிப்பிட்ட வரிசையில் பட்டன்களை அழுத்தினால் பழுதுபார்ப்பவர்களுக்கான ரகசிய மெனு திறக்கும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதோடு, ஃபிளாஷ் எத்தனை முறை அடித்தது என்பதும் அதில் தெரியும்.

எண் கையில் கிடைத்துவிட்டது. அதை எவ்வளவு நம்பலாம்? நிக்கான் டி600-இன் கதையைச் சொன்னால் விளங்கும். 2012 செப்டம்பரில் அந்தக் கேமரா வந்தது. வாங்கியவர்களின் படங்களில், குறிப்பாக இடது மேல் மூலையில், கரும்புள்ளிகள் குவிய ஆரம்பித்தன. துடைத்தால் போகும், சில நூறு படங்களில் திரும்ப வரும். மறு வருடமே ஷட்டரை மாற்றியமைத்து டி610 என்ற புது மாடலை நிக்கான் கொண்டுவந்தது. 2014 பிப்ரவரியில், உத்தரவாதம் முடிந்திருந்தாலும் டி600-ஐ இலவசமாகச் சுத்தம் செய்து, ஷட்டரையும் மாற்றித் தருவதாக அறிவித்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். ஐந்நூறு படம் மட்டுமே எடுத்து, சர்வீஸ் சென்டர் பக்கமே போகாத டி600 ஒன்று. நாற்பதாயிரம் எடுத்து ஷட்டர் மாற்றிய டி600 இன்னொன்று. நான் வாங்குவதானால் இரண்டாவதைத்தான் வாங்குவேன். எண்ணை மட்டும் பார்ப்பவர் முதலாவதற்கு அதிகப் பணம் கொடுத்துவிட்டுப் போவார்.

காரணம், எண் பதிந்திருப்பது ஷட்டரில் அல்ல, சர்க்யூட் போர்டில். ஷட்டரை மாற்றிவிட்டு எண்ணைத் தொடாமல் விட்டால், புது ஷட்டருக்குப் பழைய ஷட்டரின் வயது சேர்ந்துகொள்ளும். போர்டை மாற்றினால், கிழட்டு ஷட்டர் இளமையாகத் தெரியும். சர்வீஸ் செய்த பில் இருந்தால் அதைக் கேமராவோடு சேர்த்துக் கொடுங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் எண்ணுக்கு அர்த்தமில்லை.

மிரர்லெஸ் கேமரா வந்தபின் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அவற்றில் எலக்ட்ரானிக் ஷட்டர் உண்டு. திரை அசையாமலே சென்சாரின் வரிசைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டுப் படம் பதிவாகும். எடுத்த படம் ஐம்பதாயிரம், திரை அசைந்ததோ எட்டாயிரம் என்பதெல்லாம் சாதாரணம். அண்மைக்கால நிக்கான்கள் சிலவற்றின் கோப்புகளில் இரண்டு எண்ணுமே தனித்தனியாக இருக்கும்: மொத்தம் ஒன்று, இயந்திர ஷட்டர் மட்டும் இயங்கியது ஒன்று. விளம்பரத்தில் எதைப் போட்டீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. வீடியோ இந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை என்று சொல்லலாம். இரண்டு மணி நேர ரிசப்ஷனை முழுக்க வீடியோ எடுத்த கேமராவில் ஷட்டர் சும்மா இருந்திருக்கும். சென்சாரும் போர்டும்தான் காய்ந்திருக்கும். 2021-இல் வந்த நிக்கான் இசட்9-இல் இயந்திர ஷட்டரே கிடையாது. அதை வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வியே வேறு.

ஆகவே எண்ணோடு நிற்காமல், விற்பதற்கு முன் நீங்களே சில சோதனைகள் செய்து பார்ப்பது மேல். சீரான வெளிச்சமுள்ள வெள்ளைச் சுவரை 1/1000-இலிருந்து ஆரம்பித்து, கேமரா போகும் உச்ச வேகம்வரை எடுங்கள். அபெர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் மாற்றி வெளிச்சத்தைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். டியூப்லைட், எல்இடி வெளிச்சம் வேண்டாம். அவற்றின் துடிப்பே பட்டை பட்டையாக விழுந்து, நல்ல ஷட்டரையும் கெட்டதாகக் காட்டிவிடும். பகல் வெளிச்சம்தான் சரி. எல்லாப் படமும் ஒரே சீராக இருந்தால், இரண்டு லட்சம் ஓடியிருந்தாலும் அந்த ஷட்டர் இன்று ஆரோக்கியமாக இருக்கிறது. ஒரு பக்கம் இருண்டால், இருபதாயிரம் என்ற எண் அதைக் காப்பாற்றாது.

அதே சுவரை எஃப்/16-இல், ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுத்தால் சென்சாரில் ஒட்டிய தூசு புள்ளிகளாகத் தெரியும். லென்ஸ் மூடியை மாட்டிக்கொண்டு அரை நிமிடம் எக்ஸ்போஷர் கொடுத்தால் கெட்டுப்போன பிக்சல்கள் நட்சத்திரம்போல மினுங்கும். பேட்டரிக்கும் வயது தெரியும்: நிக்கானின் பல மாடல்களில் 0 முதல் 4 வரை காட்டும், 0 புதியது, 4 வந்தால் மாற்ற வேண்டியதுதான். கேனனில் பச்சைக் கட்டங்கள் குறைந்து சிவப்புக்கு வரும். ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் பெயின்ட் உரிந்திருப்பது, பிடிமான ரப்பர் வழுக்கிப்போய்த் தளர்ந்திருப்பது, லென்ஸ் மாட்டும் வளையத்தில் உள்ள கீறல்கள் எல்லாம் கேமராவின் வேலைச் சரித்திரத்தைச் சொல்லும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் பீரோவுக்குள் தூங்கிய கேமராவுக்கு வேறு ஒரு ஆபத்து: லென்ஸுக்குள் பூஞ்சை. மொபைல் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தால் சிலந்திவலை மாதிரி தெரியும். ஷட்டர் கவுண்ட் குறைவு என்று பெருமைப்படும் கேமராக்களுக்குத்தான் இது அதிகம் வாய்க்கிறது.

விளம்பரத்தில் எண்ணைப் போடும்போது படத்தின் எக்சிஃப் முழுவதையும் ஊருக்குக் காட்ட வேண்டாம். அதில் கேமராவின் சீரியல் நம்பரும் இருக்கலாம், எடுத்த இடமும் இருக்கலாம். உண்மையாகவே வாங்கப்போகிறவருக்கு மட்டும் அனுப்பினால் போதும். கைமாற்றிக் கொடுக்கும் முன் மெமரி கார்டை எடுத்துவிட்டு, வைஃபை கடவுச்சொற்களை அழித்துவிடுங்கள். மெனுவில் 'காப்பிரைட்' என்று ஒரு பகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கிய புதிதில் ஆசையாக உங்கள் பெயரை அதில் அடித்து வைத்திருப்பீர்கள். சில மாடல்களில் சாதாரண ரீசெட்டுக்கு அது அழியாது. அழிக்காமல் விட்டால், அடுத்தவர் எடுக்கும் ஒவ்வொரு கல்யாணப் படத்திலும் உங்கள் பெயர்தான் ஏறிக்கொண்டிருக்கும்.