விலை குறைந்த விளையாட்டுப் பொறி மலிவானதா?

வீடியோ விளையாட்டுப் பொறி இன்று செல்வந்தர் வீட்டுப் பொருளாக மட்டும் இருப்பதில்லை. வளைகுடா நாடுகளில் தொழில் புரியும் தந்தையரும், ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிய உறவினரும் ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பும் அன்பளிப்புகளில் அதுவும் இடம்பிடித்துள்ளது. பரீட்சையில் சித்தியடைந்தால் வாங்கித் தருவதாக வாக்களித்துவிட்டு, கடையிலே விலையைக் கேட்டுத் திகைத்து நிற்கும் பெற்றோரும் உளர். ஒரே நிறுவனத்தின் ஒரே தலைமுறைப் பொறியில் விலை குறைந்தது ஒன்றும் விலை கூடியது ஒன்றும் அருகருகே வைக்கப்பட்டிருக்கும்போது எதைத் தெரிவு செய்வது என்ற கேள்வி எழுவது இயல்பானதே. இதற்கான விடை விலைச் சீட்டில் மட்டும் இல்லை. வாங்கிய பின்னர் அப்பொறி நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்திடம் எவ்வளவு பணத்தைக் கேட்கும் என்பதிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது.

2020 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மைக்ரோசொப்ட், சொனி ஆகிய இரு நிறுவனங்களும் இரண்டு நாள் இடைவெளியில் தமது புதிய தலைமுறைப் பொறிகளை வெளியிட்டன. முதல் நாளிலிருந்தே அவை இரண்டு விலைகளில் வந்தன. மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499 டொலருக்கும் சீரிஸ் எஸ் 299 டொலருக்கும் அமெரிக்காவில் விற்கப்பட்டன. சொனியின் பிளேஸ்டேஷன் 5 இன் விலை 499 டொலர். அதன் 'டிஜிட்டல்' வகை 399 டொலர். மேலோட்டமாகப் பார்த்தால் இரு நிறுவனங்களும் ஒரே காரியத்தைச் செய்தன போலத் தோன்றும். ஆனால், இரண்டும் விலையைக் குறைத்த முறை வேறு வேறானது என்பது குறிப்பிடத்தக்கது.

சீரிஸ் எஸ் உண்மையிலேயே ஆற்றல் குறைந்த பொறியாகும். படங்களை உருவாக்கும் அதன் வேகம் சீரிஸ் எக்ஸின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மாத்திரமே. அதன் நினைவகம் 10 கிகாபைட். மற்றையதன் நினைவகம் 16 கிகாபைட். 512 கிகாபைட் சேமிப்பகத்திலும் விளையாட்டுகளுக்கென எஞ்சுவது 364 கிகாபைட்தான். பிளேஸ்டேஷனிலோ இரு வகைகளுக்கும் ஆற்றலில் வேறுபாடே இல்லை. இறுவட்டைச் செலுத்தும் 'டிஸ்க் டிரைவ்' நீக்கப்பட்டமையே 100 டொலர் குறைவதற்கான காரணம். சீரிஸ் எஸ்ஸிலும் அந்த டிரைவ் இல்லை. ஆகவே, விலை குறைந்த இரண்டு பொறிகளுக்கும் பொதுவாக இல்லாத ஒன்று இறுவட்டேயாகும். நம் நாட்டு நுகர்வோர் முதலில் கவனிக்க வேண்டியதும் இதுதான்.

கடைக்காரர்கள் முதலில் எடுத்துச் சொல்வதோ படத்தின் தெளிவைப் பற்றியதாகும். 4கே எனப்படும் உயர் தெளிவு, அதனைக் காட்டவல்ல தொலைக்காட்சி வீட்டில் இருந்தால் மட்டுமே பயன்தரும். பல வீடுகளில் இன்னும் இருப்பது அதனிலும் குறைந்த தெளிவுடைய தொலைக்காட்சியே. அத்தகைய திரையில் விலை கூடிய பொறிக்கும் குறைந்த பொறிக்குமான வேறுபாட்டைச் சாதாரண கண் இலகுவில் பிரித்தறியாது. திரைக்காக மேலதிகப் பணம் கொடுப்பதற்கு முன்னர் வீட்டிலுள்ள திரையைப் பார்த்துவிட்டுச் செல்வது நன்று.

இறுவட்டின் கதை வேறு. 2000 ஆம் ஆண்டில் வெளியான பிளேஸ்டேஷன் 2 காலத்தில் விளையாடியவர்களுக்கு, ஓர் இறுவட்டு எத்தனை வீடுகளுக்குக் கைமாறும் என்பது தெரியும். அண்ணன் விளையாடி முடித்ததைத் தம்பி எடுப்பான், பின்னர் பக்கத்து வீட்டுக்கு இரவலாகப் போகும், அலுத்துப்போனால் விற்றுவிடலாம். டிரைவ் இல்லாத பொறியில் இவை எதுவும் சாத்தியமில்லை. நிறுவனத்தின் இணையக் கடையில் வாங்கும் விளையாட்டு ஒரு கணக்கோடு பிணைக்கப்பட்ட அனுமதி மட்டுமே. அதனை விற்கவோ நண்பரிடம் ஒப்படைக்கவோ முடியாது. இவ்வுண்மையை வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024 இல் சட்டமியற்றியது. அது 2025 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. நின்டென்டோ நிறுவனம் 2023 மார்ச்சில் தனது வீ யூ, 3டிஎஸ் ஆகிய பழைய பொறிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. மைக்ரோசொப்ட் எக்ஸ்பொக்ஸ் 360 இன் கடையை 2024 ஜூலையில் மூடியது. கடை மூடப்பட்ட பின்னரும் பழைய இறுவட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

இதனைப் பணக் கணக்கில் பார்ப்போம். இத்தலைமுறையில் ஒரு புதிய பெரிய விளையாட்டின் விலை பொதுவாக 70 டொலர். டொலருக்கு 300 ரூபா என வைத்துக்கொண்டால் அது 21,000 ரூபா. ஆண்டுக்கு மூன்று விளையாட்டுகள் வாங்கினால் 63,000 ரூபா. இறுவட்டாக வாங்கியவர் அவற்றைப் பாதி விலைக்கு விற்றாலே 31,500 ரூபா மீண்டும் கையில் சேரும். 2023 இறுதியில் வெளியான மெலிந்த வடிவப் பிளேஸ்டேஷன் 5 இல் இரு வகைகளுக்குமிடையிலான வேறுபாடு 50 டொலராகக் குறைந்தது. அதாவது 15,000 ரூபா. டிரைவுக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் ஓராண்டுக்குள் மீண்டுவிடுகிறது. அந்த டிரைவைப் பின்னர் தனியாக வாங்கிப் பொருத்தலாமெனினும் அதன் விலை ஏறத்தாழ 80 டொலர். 'இப்போது மலிவானதை வாங்கிவிட்டுப் பிறகு பார்ப்போம்' என்பவர் 30 டொலரை இழக்கிறார்.

ஆனால், விலை கூடியது என்றால் இறுவட்டு வசதி இருக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2024 நவம்பரில் 699 டொலர் 99 சதத்துக்கு வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 புரோ, டிரைவ் இல்லாமலேயே வந்தது. அதே ஆண்டில் சீரிஸ் எக்ஸிலும் டிரைவ் இல்லாத வகையொன்று வெளியிடப்பட்டது. 2025 ஜூனில் வந்த நின்டென்டோ சுவிட்ச் 2 இல் சில விளையாட்டு அட்டைகளில் விளையாட்டே இருப்பதில்லை. அவை பதிவிறக்கம் செய்வதற்கான திறவுகோல் மட்டுமே. எனவே பெட்டியின் மேலுள்ள பெயரை விட, உள்ளே இருப்பது எது என்று கேட்டறிவதே முக்கியம்.

அடுத்தது இணையம். நகரத்துக்கும் கிராமத்துக்குமான வேறுபாடு இங்கேதான் தெளிவாகப் புலப்படும். மாத்தளை மாவட்டத்தில் கலேவெலவை அண்மித்த வஹகோட்டையை உதாரணமாகக் கொள்வோம். புனித அந்தோனியார் திருத்தலத்தால் நாடெங்கும் அறியப்பட்ட கிராமம் அது. அத்தகைய ஓர் ஊரில், கைத்தொலைபேசி வலையமைப்பின் ரவுட்டரை நம்பியிருக்கும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இன்றைய பெரிய விளையாட்டு ஒன்று 100 கிகாபைட்டை எட்டுவது சர்வ சாதாரணம். செக்கனுக்கு 10 மெகாபிட் வேகம் தடையின்றிக் கிடைத்தாலும் அதனைப் பதிவிறக்க 22 மணித்தியாலங்கள் செல்லும். மாதாந்த டேட்டா அளவு வரையறுக்கப்பட்டிருந்தால் பிள்ளைகளின் இணையவழிக் கல்விக்கு உரிய பங்கையும் அந்த ஒரு விளையாட்டே விழுங்கிவிடும். சீரிஸ் எஸ்ஸின் 364 கிகாபைட்டில் இத்தகைய விளையாட்டுகள் மூன்றுதான் அடங்கும். நான்காவதுக்கு இடம் வேண்டுமாயின் ஒன்றை அழிக்க வேண்டும். அழித்ததை மீண்டும் விளையாட விரும்பினால் மீண்டும் பதிவிறக்க வேண்டும். இறுவட்டு விளையாட்டுகளுக்கும் இணையத்தின் மூலம் திருத்தங்கள் வருமெனினும், பெரும்பாலானவற்றில் பெரும் பகுதி தட்டிலேயே வந்துவிடுகிறது. ஓர் இறுவட்டு 100 கிகாபைட் வரை கொள்ளக்கூடியது. கொழும்பில் அளவற்ற ஒளியிழை இணைப்புள்ள வீட்டுக்குப் பொருத்தமான பொறி, வஹகோட்டை வீட்டுக்குச் சுமையாகலாம்.

நாணயப் பெறுமதியும் இக்கணக்கை மாற்றியுள்ளது. 2020 இறுதியில் ஒரு டொலர் ஏறத்தாழ 185 ரூபாவாக இருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது அது 360 ரூபா வரை சென்று, 2025 இல் 300 ரூபா அளவில் நின்றது. 2022 நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில் 18 வீதமாகியது. இதற்கிடையில் நிறுவனங்களும் விலையை உயர்த்தின. 2025 ஒக்டோபரில் அமெரிக்காவிலேயே சீரிஸ் எஸ் 400 டொலராகவும், சீரிஸ் எக்ஸ் 650 டொலராகவும் உயர்ந்தன. வரியையும் வியாபாரியின் இலாபத்தையும் சேர்க்காமலே, 2020 இல் விலை கூடிய பொறியின் பெறுமதி 92,000 ரூபா. 2025 இல் விலை குறைந்த பொறியின் பெறுமதி 120,000 ரூபா. காலப்போக்கில் பொறிகளின் விலை இறங்கும் என்ற பழைய நம்பிக்கை இத்தலைமுறையில் பொய்த்துவிட்டது.

மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. பிளேஸ்டேஷன் 5 புதிய விளையாட்டுகளை இயக்கும்போது ஏறத்தாழ 200 வொட் மின்சாரத்தை எடுக்கும். நாளுக்கு 3 மணித்தியாலம் விளையாடினால் மாதத்துக்கு 18 அலகுகள். சீரிஸ் எஸ் ஏறத்தாழ 75 வொட் எடுப்பதால் 7 அலகுகளுக்குள் அடங்கும். இங்கு விலை குறைந்த பொறிக்கே வெற்றி. இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக உயர்வது யாவரும் அறிந்ததே. மாதம் 60 அலகைத் தாண்டியதும் முதல் 60 அலகுகளுக்கான கட்டணமே உயர்ந்துவிடுகிறது. மாதம் 50 அலகு பாவிக்கும் வீட்டுக்கு அந்த 18 அலகுகள் சிறிய தொகையல்ல.

வெளிநாட்டிலிருந்து அனுப்புவோரும் சிலவற்றை விசாரித்தறிய வேண்டும். துபாயிலோ தோஹாவிலோ வாங்கிய பொறி இங்குள்ள மின்சாரத்தில் இயங்கும். ஆனால் அதன் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகுமா என்பதை வாங்கும் கடையிலேயே கேட்க வேண்டும். பிளேஸ்டேஷன் இணையச் சேவை வழங்கப்படும் எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இடம்பெறவில்லை. இங்குள்ளவர்கள் வேறொரு நாட்டின் பெயரில் கணக்கைத் திறந்தே அதனைப் பயன்படுத்துகின்றனர். இணையக் கடையை முற்றாக நம்பியிருக்கும் டிஜிட்டல் பொறிக்கு இது பெருங்குறை. அந்நாட்டின் அட்டையோ பரிசுக் குறியீடோ இல்லாமல் எதையும் வாங்க முடியாது போகலாம். இறுவட்டுக்கு இத்தடை இல்லை. துபாயில் வாங்கிய பிளேஸ்டேஷன் 5 தட்டு மாத்தளையிலும் இயங்கும்.

சந்தா முறையையும் நிதானமாக நோக்க வேண்டும். மைக்ரோசொப்டின் கேம் பாஸ் சேவையின் உயர்தரச் சந்தா 2025 ஒக்டோபரில் அமெரிக்காவில் மாதம் ஏறத்தாழ 30 டொலராக உயர்த்தப்பட்டது. ஓராண்டுக்கு 108,000 ரூபா. ஏறக்குறைய ஒரு சீரிஸ் எஸ்ஸின் விலை. இலவசம் எனக் கூறப்படும் விளையாட்டுகளிலும் ஆடை, ஆயுதம், மர்மப் பெட்டி என்ற பெயர்களில் பணம் கேட்கப்படுகிறது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் அப்பெட்டிகளைச் சூதாட்டமாகக் கருதிப் பெல்ஜியம் 2018 இல் தடுத்தது. சூதையும் வட்டியையும் விலக்கி வாழும் முஸ்லிம் குடும்பங்கள் மாத்திரமன்றி, பிள்ளைகளின் நலன் நாடும் எல்லாப் பெற்றோரும் இதில் விழிப்பாயிருத்தல் வேண்டும். வட்டியுடன் கூடிய தவணைக் கொள்வனவும் மலிவான பொறியை விலை கூடியதாக்கிவிடும்.

அவ்வாறாயின் யார் எதை வாங்குவது? அளவற்ற இணையமும் சாதாரணத் தொலைக்காட்சியும் உள்ள வீட்டில், ஓரிரு விளையாட்டுகளை மட்டும் தொடர்ந்து விளையாடுபவருக்கு டிரைவ் இல்லாத விலை குறைந்த பொறியே போதுமானது. அதற்கு மேல் கொடுப்பது வீண்விரயம். இணையம் மட்டுப்படுத்தப்பட்ட ஊரில், சகோதரரும் நண்பரும் பகிர்ந்து விளையாடும் வீட்டில், டிரைவ் உள்ள பொறியே நீண்ட காலத்தில் மலிவானது. அதில் பழைய பிளேஸ்டேஷன் 4 இறுவட்டுகளும் பெரும்பாலும் இயங்கும். இவ்விரண்டுக்கும் வசதியற்றவர், பாவித்த பிளேஸ்டேஷன் 4 ஒன்றையும் சில பழைய தட்டுகளையும் வாங்குவதில் வெட்கப்பட ஏதுமில்லை. 4கே திரையும் தாராளமான வருமானமும் உள்ளவர் மட்டுமே உச்ச விலைப் பொறிகளைப் பற்றிச் சிந்திக்கலாம்.

பிள்ளையின் ஆசையை நிறைவேற்றுவது பெற்றோருக்கு மகிழ்ச்சி தரும் காரியம். பாலைவன வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம் அதற்காகச் செலவிடப்படுகையில், அப்பணம் வாங்கித் தருவது சொந்தப் பொருளையா அல்லது மாதந்தோறும் பணம் கேட்கும் ஓர் அனுமதிச் சீட்டையா என்பதை அறிந்து செலவிடுவதே விவேகமாகும். கடைக்குப் புறப்படும் முன்னர் வீட்டின் தொலைக்காட்சியையும், இணையக் கட்டணச் சீட்டையும், மின் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். எந்தப் பொறி தமக்கு மலிவானது என்பதை அவையே தெளிவாக எடுத்துரைக்கும்.