நெட்டையாய் வளரும் துளசி

"வீட்டுத் துளசி குச்சியாய் நீண்டு சாய்கிறது, இலை உதிர்கிறது, குடும்பத்துக்கு ஏதும் ஆகாதோ?" என்று கோயிலில் என்னைக் கேட்கும் அன்பர்கள் பலர். சென்ற ஆண்டு ஓர் அம்மையார் கண் கலங்கியே கேட்டார். கணவர் கடைசியாக நட்டுவைத்த செடியாம். "குறை குடும்பத்திலும் இல்லை, பக்தியிலும் இல்லை, வெயிலில்தான் இருக்கிறது" என்றேன். அன்று அவரிடம் சொன்னதையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன்.

நம் பெரியவர்கள் துளசி மாடத்தை வானம் பார்த்த முற்றத்தில் வைத்தார்கள். சிங்கப்பூரில் நாம் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது துளசியும் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. அங்கே மேலே கூரை. வெளிச்சமோ ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே. நம் கண்ணுக்கு அந்த இடம் பளிச்சென்று தெரியலாம். செடிக்கு அது நிழல்தான். வெளிச்சம் போதாத செடி, தன் சக்தியையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவிடும். கணுக்களுக்கு இடையே தூரம் கூடும், இலை வெளிறும், அடி இலைகள் உதிரும். இதை உரக்குறை என்று எண்ணி உரம் போடுவோர் உண்டு. நிழலில் உரமிட்டால் தண்டு இன்னும் மெலிந்து நீளுமே தவிர, தேறாது.

நாம் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 1.3 பாகை வடக்கே வாழ்கிறோம். ஆகவே கிழக்குத் தாழ்வாரத்துக்குக் காலை வெயிலும், மேற்குக்கு மாலை வெயிலும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். வடக்கு நோக்கிய வீட்டுக்கு ஜூனை ஒட்டிய மாதங்களிலும், தெற்கு நோக்கியதற்கு டிசம்பரை ஒட்டியும்தான் வெயில் சாய்ந்து எட்டிப் பார்க்கும். ஜூனில் செழித்த செடி டிசம்பரில் நெட்டையானால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. துளசிக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் இருந்தால் நல்லது. நிழலில் பழகிய செடியை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை கருகும். ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பினால் செடி ஒரு பக்கம் சாயாது. வெயிலுக்கு ஆசைப்பட்டுக் கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். கீழே ஆள் நடக்கிறார்கள்.

நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது. அதை வெட்டத்தான் வேண்டும். இங்குதான் பலருக்கு மனம் வருவதில்லை. துளசியை வெட்டலாமா? பூசைக்குக் கொழுந்து கிள்ளுகிறோமே, அதுவேதான் இதற்கும் வைத்தியம்! துளசியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிரே இருக்கும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்குகிறது. தண்டின் நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் பொருள் அவற்றை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. கணுவுக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளினால் அடக்குமுறை நீங்கி இரண்டும் துளிர்க்கும். ஒரே தடவையில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டும் இடத்துக்குக் கீழே பச்சை இலைகள் இருக்கட்டும். மொட்டையான அடிக்கட்டை சில வேளை துளிர்ப்பதில்லை. பூங்கதிரையும் இளசிலேயே கிள்ளிவிடலாம். விதைக்கு ஒன்றிரண்டு போதும். ஞாயிறு, துவாதசி நாட்களில் துளசியைத் தொடாத குடும்பத்தார் மறுநாள் செய்யட்டும், செடிக்கு நஷ்டமில்லை. ஆனால் முதலில் வெயில், பிறகே வெட்டு. நிழலிலேயே வைத்துக்கொண்டு வெட்டினால் புதுத்துளிரும் குச்சியாகத்தான் போகும்.

வெட்டிய தண்டைக் குப்பையில் போட வேண்டாம். அடி இலைகளை நீக்கித் தண்ணீரில் நிறுத்தினால் ஓரிரு வாரங்களில் வேர்விடும். அந்தத் தண்ணீரையும், தொட்டித் தட்டில் தேங்கும் நீரையும் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது பிரசவ அறை.

அந்த அம்மையார் வீட்டுக்குச் சென்று பார்த்தேன். செருப்பு அலமாரியின் மறைவில் இருந்தது செடி! கிழக்குப் பார்த்த சமையலறைச் சன்னலுக்கு உள்ளே மாற்றிவைத்து, பத்து நாள் கழித்து அவர் கையாலேயே நுனியை வெட்டச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் தயங்கினார். அடுத்த மாதம் கோயிலுக்கு வந்தபோது, வேர்விட்ட தண்டு ஒன்றைச் சிறு தொட்டியில் நட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.