ஒரு நிமிஷப் பரிசோதனை... உயிரையே காப்பாற்றும்!

எங்கள் திருவாதவூர், வாத நோய்க்குப் பேர் போன ஊர். சனி பகவானுக்கே இங்குதான் வாதம் நீங்கியது என்பது தலபுராணம். அதனாலோ என்னவோ, முழங்கால் வலி, இடுப்பு வலி என்றால் இந்தப் பக்கத்துப் பெண்கள் கூச்சமில்லாமல் சொல்வார்கள். ஆனால், வெள்ளைபடுவதை மட்டும் எல்லாம் பேசி முடித்து, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொல்வார்கள். "அதுக்கும் சேர்த்து வெண்பூசணி லேகியம் குடுத்துருங்கய்யா" என்பார்கள்.

லேகியம் கொடுக்கலாம். அதற்கு முன் கர்ப்பப்பை வாயை ஒருமுறை பரிசோதித்துவிட வேண்டும். ஏன் என்கிறீர்களா?

திண்டுக்கல் சொன்ன பாடம்

உலகம் முழுக்க 2022-ல் மட்டும் சுமார் 6,60,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது; சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். இத்தனைக்கும், முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்கக்கூடிய புற்றுநோய் இது!

பெரிய லேப் வசதி இல்லாத கிராமத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பில் பணியாற்றியவர். அவர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தது எந்த இடத்தைத் தெரியுமா? நம் மதுரைக்குப் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லை! ஒட்டன்சத்திரம் அருகே உள்ள அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் கைகோத்தன.

2000-ல் தொடங்கிய ஆய்வு அது. 30 முதல் 59 வயது வரையிலான 31,000-க்கும் அதிகமான கிராமத்துப் பெண்களைப் பயிற்சி பெற்ற நர்சுகளே பரிசோதித்தார்கள். முறை ரொம்ப எளிது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். கெட்டுப்போன செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் கடுங்குளிரால் உறையவைத்து அழித்தார்கள்.

பலன்? 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட்டபோது, நோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தது. அதுவும் ஒரே ஒரு தடவை செய்த பரிசோதனையில்!

பயம் வேண்டாம்

'வெள்ளையாத் தெரிஞ்சா புற்றுநோயா?' இல்லை. பெரும்பாலும் அது நோய்க்கு முந்தைய நிலையாகவோ, சாதாரணப் புண்ணாகவோதான் இருக்கும். இந்த நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவில் மிகச் சாதாரணமாகத் தொற்றக்கூடியது. ஆகவே, யாருடைய நடத்தையையும் சந்தேகப்பட வேண்டாம். தொற்றிய பலருக்கும் ஓரிரு வருஷத்தில் தானாகவே போய்விடும். சிலருக்குத் தங்கிவிட்டால், புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷமாவது ஆகும். அந்த அவகாசம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் வரம்.

இன்று அந்த வைரஸையே கண்டுபிடிக்கும் பரிசோதனையும் வந்துவிட்டது. பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது

* 30 வயது தாண்டிவிட்டதா? எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கேட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆரம்பத்தில் இந்த நோய்க்கு அறிகுறியே இருக்காது.

* துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல், உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிலக்கு நின்றபின் மறுபடி ரத்தப்போக்கு... இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்.

* வினிகர்தானே என்று வீட்டில் தடவிப் பார்க்கவே கூடாது. வெறும் எரிச்சல்தான் மிஞ்சும்.

சித்த மருத்துவர் நானே சொல்கிறேன்: முதலில் பரிசோதனை, பிறகுதான் லேகியம். அடுத்த வாரம் ரேஷன் கடைக்குப் போகும் வழியிலாவது, பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய் வாருங்கள்.