வழிப்பயணத்தில் எரிய மறுக்கும் அடுப்பு

கார்த்திகை பிறந்துவிட்டால் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சபரிமலையை நோக்கிப் புறப்படும் யாத்திரைக் கூட்டங்கள், கிருஷ்ணகிரியைத் தாண்டி, தருமபுரியைக் கடந்து, தொப்பூர்க் கணவாயில் இறங்கிச் சேலத்தை அடையும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவு பகலாகச் சென்றுகொண்டிருக்கின்றன. அவ்வண்டிகள் பலவற்றில், அரிசி மூட்டைக்கும் அண்டாவுக்கும் பக்கத்தில், சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றும் இரும்பு அடுப்பு ஒன்றும் கூடவே பிரயாணம் செய்கின்றன. ஆடிப் பெருக்கன்று ஒகேனக்கல்லில் வந்து குவியும் வண்டிகளிலும் இவற்றைக் காணலாம். படுக்கை, அடுக்களை, குளியலறை எல்லாவற்றையும் ஒரே வண்டியில் அமைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றும் மேலைநாட்டு மோட்டார் இல்லங்கள், சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் கேரவன் என்ற அளவிலேயே நமக்குப் பரிச்சயம். நம் நாட்டில் அவற்றின் ஸ்தானத்தை வகிப்பவை இந்த யாத்திரை வண்டிகளே. விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் ஜ்வாலை எழாமல் சோர்ந்து படுத்துவிடும் சங்கடம் இரண்டுக்கும் பொதுவானது.

இந்தச் சங்கடத்தின் காரணம் பெரும்பாலும் அற்பமானது. அதைப் போக்குவதாக எண்ணி அவசரத்தில் செய்யப்படும் காரியங்களே பிராணாபத்தாய் முடிகின்றன. ஆகையால் இந்த வாயுவின் சுபாவத்தை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நம் சிலிண்டரில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த திரவம். வட அமெரிக்க மோட்டார் இல்லங்களில் பெரும்பாலும் புரோபேன் மாத்திரமே உபயோகமாகிறது. ஏனெனில், புரோபேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரிக் குளிரிலும் ஆவியாகும் இயல்புடையது, பியூட்டேனோ பூஜ்ய டிகிரியை நெருங்கும்போதே ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப்போல் பல மடங்கு அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும் இந்த வாயுவை, வீட்டு அடுப்புக்கு ஏற்றவாறு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் அழுத்தமாகத் தணித்துக் கொடுப்பது ரெகுலேட்டரின் வேலை. அமெரிக்க மோட்டார் இல்லத்தின் அடுப்புக்குப் போய்ச் சேரும் அழுத்தமும் கிட்டத்தட்ட இதே அளவுதான் என்பதால், கோளாறுகளும் இரு இடங்களிலும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவையாக இருக்கின்றன.

அடுப்பு எரியவில்லையென்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு பர்னர் மட்டும் மங்குகிறதா, எல்லாமே மங்குகின்றனவா என்பது. ஒன்று மட்டும் மங்கினால் சிலிண்டரைச் சந்தேகிக்க அவசியமில்லை. குற்றம் அந்தப் பர்னரிலோ, அதற்கு வாயுவைப் பீய்ச்சும் ஊசித் துவாரமான ஜெட்டிலோதான் இருக்கும். சென்ற தை மாதத்தில் கட்டிவைத்த அடுப்பை இந்தக் கார்த்திகையில் பரணிலிருந்து இறக்குகிறவர்கள், வாயுவும் காற்றும் கலந்து செல்லும் குழாயினுள் டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். பல மாதம் உபயோகமற்றுக் கிடந்த அடுப்பின் குழாயில் சிலந்தி வலை பின்னியிருப்பதும், குளவி மண்ணைக் கொண்டுவந்து அடைத்திருப்பதும் சர்வ சாதாரணம். ஜ்வாலை நீலமாக இராமல் மஞ்சளாக எழுந்து பாத்திரத்தின் அடியில் கரி பூசினால், காற்று போதவில்லை என்று அர்த்தம்.

எல்லாப் பர்னர்களும் மங்கினால், அடுப்பிலிருந்து சிலிண்டரை நோக்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ரப்பர் டியூப் ஏதேனும் மூட்டையின் கீழ் நசுங்கியிருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்து ரெகுலேட்டரைக் கவனிக்க வேண்டும். அதனுள்ளே வில்லோடு கூடிய ரப்பர்த் தகடு ஒன்று ஏறி இறங்கி அழுத்தத்தைச் சீராக வைக்கிறது. அது சுவாசிப்பதற்கென மூடியில் இருக்கும் சிறு துவாரத்தில் நெடுஞ்சாலைப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துக்கொண்டால் வாயுவின் போக்கு தாறுமாறாகிவிடும். இதைத் தாமே பிரித்துப் பார்ப்பது தகாது. வேறு ரெகுலேட்டரை மாற்றிவிடுவதே விவேகம்.

இனிச் சிலிண்டர். காலி எடை அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், தராசு ஒன்று கிடைத்தால் மிச்சம் எவ்வளவு என்பது உடனே தெரிந்துவிடும். தராசு இல்லாத இடத்தில் ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம். திரவம் உள்ள பகுதி தாமதமாகவும், வெறுமையான பகுதி சீக்கிரமாகவும் உலரும்.

ஆனால் எடை இருந்தும் ஜ்வாலை எழாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. வத்தல்மலை போன்ற உயரமான இடத்தில், மார்கழி அதிகாலையில், ஐம்பது பேருக்குச் சாதம் வடிக்கப் பெரிய அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டிருக்கும்போது, சிலிண்டரின் கீழ்ப்பாதி முழுதும் வியர்த்து முத்து முத்தாக நீர் கோத்திருப்பதைப் பார்க்கலாம். தொட்டால் கை சில்லிடும். திரவம் ஆவியாவதற்கு உஷ்ணம் வேண்டும். அதைத் தன்னிடமிருந்தே அது எடுத்துக்கொள்வதால் சிலிண்டர் குளிர்கிறது. குளிரக் குளிர அழுத்தம் இறங்குகிறது. மேலும் கலவையில் புரோபேனே முந்தி அதிகமாக ஆவியாகிவிடுவதால், கடைசிக் காற்பங்கில் தங்குவது பெரும்பாலும் மந்த சுபாவமுடைய பியூட்டேன்தான். ஆகையால், திரவம் மிச்சமிருக்கையிலேயே அடுப்பு அணையும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இந்தக் கட்டத்தில்தான் கொதிநீரைச் சிலிண்டரின்மேல் ஊற்றுகிறார்கள். அடியில் தீ மூட்டுகிறவர்களும் உண்டு. சிலர் அதைப் படுக்கவைத்து உருட்டுகிறார்கள். படுக்கவைத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். அந்தத் திரவம் ஒன்றுக்கு ஏறத்தாழ 250 மடங்காக விரிந்து வாயுவாகும் என்பதை நினைத்துப் பார்த்தால், அடுப்பின் முன் நிற்பவருக்கு என்ன நேரும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. ஜ்வாலையைக் குறைத்துச் சிலிண்டருக்குச் சற்று ஓய்வு கொடுப்பதும், கூட்டம் பெரிதாயின் ஆரம்பத்திலேயே இரண்டு சிலிண்டர்களை முறைப்படி இணைத்துக்கொள்வதுமே சரியான உபாயம்.

கசிவு உண்டா என்று சோதிக்கச் சோப்பு நுரையைத் தவிர வேறெதையும் பிரயோகிக்கலாகாது; இணைப்பில் குமிழி எழுந்தால் கசிவு, எழாவிட்டால் இல்லை. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் வழக்கம் இன்றும் அங்கங்கே இருப்பது மனத்தை வருத்துகிறது. இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமானது. ஆதலால் மேலே போய்விடாமல் வண்டியின் தரையிலும், சாமான் வைக்கும் அறையிலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். இதற்காகவே மோட்டார் இல்லங்களில் சிலிண்டருக்குத் தனி அறை ஒதுக்கி, அதன் தரையிலேயே வெளியே திறக்கும் துவாரம் வைக்கிறார்கள். நம் யாத்திரை வண்டியில் அத்தகைய ஏற்பாடு எதுவும் கிடையாது.

2023 ஆகஸ்டு 26 அன்று அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி, லக்னோவிலிருந்து புறப்பட்டு வந்த யாத்திரைக் கூட்டத்தில் ஒன்பது பேர் மாண்டனர். ரயிலில் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட எரிவாயு சிலிண்டரை உள்ளேயே வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டியதே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நின்றுகொண்டிருந்த கேரவன் ஒன்றினுள் இருவர் பிணமாகக் காணப்பட்டார்கள். அங்கே எமனாக வந்தது ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடு. அடைத்த வண்டிக்குள் எரியும் அடுப்பும், காற்று குறைந்தால், நிறமும் மணமும் இல்லாத அதே விஷத்தை உண்டாக்கும் என்பதால், குளிருக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு சமைப்பது எந்த நியாயத்தாலும் தகாது.

ஆகவே யாத்திரை நடத்துகிறவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: வண்டியை ஓரமாக நிறுத்தி, சிலிண்டரையும் அடுப்பையும் வெட்ட வெளியில் இறக்கிவைத்துச் சமையுங்கள். வேலை முடிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, நைலான் கயிற்றில் தொங்கும் மூடியைச் சிலிண்டரின் வாயில் அழுத்திப் பூட்டுங்கள். வண்டிக்குள் வாயு நாற்றம் வந்தால், எந்த சுவிட்சையும் தொடாமல், என்ஜினையும் ஸ்டார்ட் செய்யாமல், எல்லோரையும் கீழே இறக்கித் தூரத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எரிவாயுக் கசிவுக்கென்றே நாடு முழுவதற்கும் பொதுவாக ஏற்பட்ட எண் அது. டிரைவர் இருக்கைக்கு எதிரே பெரிய எழுத்தில் அதை இன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.