பைக் கையில், புக் யார் பெயரில்?

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பண்டாரவளை நகருக்குள் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தக் காட்சி தப்பாது. பக்கவாட்டில் இரும்புக் கொக்கி பூட்டி, அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிய ஸ்கூட்டர். முன்னால் வெள்ளைக்கார இளைஞன், பின்னால் முதுகுப் பையோடு அவன் தோழி. நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்து வருவார்கள். எல்ல, வெல்லவாய, மொனராகலை என்று இறங்கி அறுகம்பைக் கடற்கரைக்குப் போவார்கள். அந்த மாதங்களில் மேற்குக் கரையில் மழை. ஊவாவிலோ கச்சான் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தருவது இந்தக் காற்றுதான். பைக் பயணக்காரருக்கு வசதியான காலமும் இதுதான்.

இவர்களில் பெரும்பாலானவர்கள் வாடகைக்கு எடுத்தவர்கள். எல்லவில் வாடகை ஸ்கூட்டர் இல்லாத தெருவைத் தேடிப் பிடிக்க வேண்டும். முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டித் தீவைச் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘லங்கா சேலஞ்ச்’ என்று அதற்கொரு பந்தயப் பயணமே உண்டு. ஆனால் மாதக்கணக்கில் தங்கத் திட்டமிடும் சிலருக்கு வேறு கணக்கு ஓடுகிறது. நாள் வாடகையைக் கூட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் காசுக்குப் பாவித்த பைக் ஒன்றையே வாங்கி, ஓடி முடித்துவிட்டு விற்றால் என்ன?

இந்த யோசனை புதிதல்ல. டில்லி கரோல்பாக்கில் பாவித்த புல்லட் வாங்கி இமயமலைக்கு ஏறுவது வெளிநாட்டுப் பயணிகளிடையே பல காலப் பழக்கம். வியட்நாமில் பழைய ஹொண்டா வின் பைக்குகள் ஹனோயில் ஒருவர் கையிலும், ஹோ சி மின் நகரில் இன்னொருவர் கையிலுமாக மாறிக்கொண்டே இருக்கும். அங்கே ‘நீல அட்டை’ எனப்படும் பதிவுப் பத்திரம் வண்டியோடு கைமாறும். அதில் எந்தக் காலத்து உரிமையாளரின் பெயரோ இருக்கும். நியூசிலாந்தில் கதை வேறு. பெயர் மாற்றம் அங்கே இணையத்தில் சில நிமிட வேலை. அதனால்தான் பயணிகள் வண்டி வாங்கி விற்பது அந்த நாட்டில் ஒரு தனிச் சந்தையாகவே நடக்கிறது.

இலங்கை இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? பைக்குக்குப் பஞ்சமில்லை. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள்தான். பல்சர், டிஸ்கவர், சிடி 100, அபாச்சி, எஃப்இஸட், டியோ என்று எந்தக் கராஜிலும் உதிரிப்பாகம் கிடைக்கும் வகைகள் ஏராளம். சிக்கல் விலையில் தொடங்கித் தாளில் முடிகிறது.

விலைக்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. 2020இல் கொரோனாவோடு வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குத் தாவியது. புதிய வண்டி வராத ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டி தங்கமாயிற்று. வாங்கிய விலையைவிட விற்ற விலை கூடுதல் என்ற அதிசயம் தோட்டத்து லயத்திலும் நடந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கப்பட்டது, அதுவும் கனத்த வரிகளோடு. ஆகவே டொலர் கொண்டுவருபவருக்கும் இங்கே பழைய பைக் ‘மலிவு’ என்று சொல்ல முடியாது.

தாள் விஷயம்தான் பெரிது. தோட்டப் பகுதியில் கைக்காசு கொடுத்துப் புது பைக் எடுப்பவர்கள் குறைவு. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்த தொழிலில், லீசிங் இல்லாமல் வண்டி ஏது? லீசிங்கில் எடுத்த வண்டியின் பதிவுப் புத்தகத்தில், நம்மவர் வாயில் சுருக்கமாக ‘புக்’கில், இரண்டு பெயர்கள் இருக்கும். பதிவு உரிமையாளர், வண்டி எடுத்த தம்பி. முழு உரிமையாளர் பினான்ஸ் கம்பனி. கடைசித் தவணையும் கட்டி, கம்பனி தன் பெயரை நீக்கக் கடிதம் கொடுத்து, அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகும் வரை அந்த வண்டியைத் தம்பி விற்க முடியாது. ஆனாலும் விற்கிறார்கள்.

எப்படி? ‘ஓப்பன் பேப்பர்’ என்ற பெயரில். பெயர் மாற்றப் படிவத்தில் விற்பவர் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். வண்டி நான்கு கை மாறினாலும் புக்கில் முதல் ஆள்தான். சட்டப்படி 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும், செய்பவர் குறைவு. 2022இல் பெற்றோல் வரிசையில் இதன் விலை தெரிந்தது. வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று கியூஆர் முறை வந்தபோது, வண்டி இலக்கத்தைப் பழைய உரிமையாளர் ஏற்கெனவே பதிந்துவிட்டதால், பைக்கை வைத்திருந்தவர் வெறுங்கையோடு நின்ற கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

உள்ளூர்க்காரரே இப்படித் தடுமாறும் இடத்தில், முப்பது நாள் சுற்றுலா விசாவில் வந்தவர் ஓப்பன் பேப்பர் பைக்கோடு வெல்லவாயச் சந்தியில் பொலிஸாரிடம் மாட்டினால் எதைக் காட்டுவார்? வருமான அனுமதிப்பத்திரம் வேண்டும். அது பிரதேச செயலகத்தில் ஆண்டுதோறும் புதுப்பிப்பது. காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் கிடைக்காது. ஓட்டுநருக்கு வேறு தாள். சொந்த நாட்டு உரிமம் தனியே இங்கே செல்லாது. கொழும்பிலுள்ள இலங்கை ஒட்டோமொபைல் சங்கத்தின் ஒப்புதல் பெற்ற சர்வதேச அனுமதிப்பத்திரமோ, திணைக்களத்தின் தற்காலிக உரிமமோ தேவை. அந்தத் தற்காலிக உரிமத்துக்கு 2025 ஓகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே ஒரு கருமபீடம் திறந்தார்கள். அதற்கும் மேலே ஒரு சங்கதி: சொந்த நாட்டில் கார் ஓட்ட மட்டும் உரிமம் பெற்றவர் இங்கே பைக் ஓட்டி விழுந்தால், அவருடைய பயணக் காப்புறுதி பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

பைக்கைவிடத் தாள் முக்கியம் என்பதற்கு உலகம் சுற்றிய ஒருவரே சாட்சி. லண்டன்காரரான எல்ஸ்பெத் பியர்ட், 1974ஆம் ஆண்டுப் பாவித்த பிஎம்டபிள்யூ ஒன்றில் 1982இல் புறப்பட்டார். சிட்னியில் வேலை பார்த்துக்கொண்டே இஞ்சினைத் தானே பிரித்துக் கோத்தார். சாமான் பெட்டிகளைக்கூடத் தானே செய்தார். வண்டி அவரைக் கைவிடவில்லை. சிங்கப்பூரில் கடவுச்சீட்டும் வண்டிப் பத்திரங்களும் திருட்டுப் போனபோதுதான் பயணம் வாரக்கணக்கில் நின்றது.

தாள் சரி என்றே வைத்துக்கொள்வோம். மலைநாட்டில் ஓடிய வண்டியைப் பார்த்து வாங்குவது தனிக் கலை. அனுபவமுள்ள கராஜ் பாஸ் முதலில் பெயின்டைப் பார்க்க மாட்டார். புறங்கையை இஞ்சின்மேல் வைப்பார். சூடாக இருந்தால், ஆள் வரும்முன் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிரில் கிளம்பாத வண்டி என்று அர்த்தம். பண்டாரவளைக் காலைக் குளிர் இந்த விஷயத்தில் நல்ல பரிசோதகர். அடுத்து ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடித்து, கழுத்துப் பகுதியில் பொறித்த சேசிஸ் இலக்கத்தைத் துணியால் துடைத்து, புக்கில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். முன் போர்க்கில் எண்ணெய்க் கசிவு, சைலன்சரில் நீலப் புகை, பின் பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பது ஆகியவை அதற்குப் பிறகு. மீற்றரை நம்புகிறவர் இல்லை. அதன் வயரைக் கழற்றிவிட எத்தனை நேரம் ஆகும்?

இலக்கத் தகடும் பேசும். முன்னால் ‘யூபி’ என்றிருந்தால் ஊவா மாகாணப் பதிவு. மூன்றெழுத்துத் தொடரில் மோட்டார் சைக்கிளுக்கு முதல் எழுத்து ‘பி’. அடுத்த எழுத்துகள் அகரவரிசையில் ஏறுவதால் வண்டியின் வயதை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். விளம்பரத்தில் எழுதிய ஆண்டும் தகடும் ஒத்துவராவிட்டால் திரும்பி வந்துவிடுவது நல்லது.

மற்றக் குறைகளைச் சகிக்கலாம், பிரேக்கில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எல்ல கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,040 மீற்றர். அங்கிருந்து இராவணன் நீர்வீழ்ச்சி வழியாக வெல்லவாய வரை, முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், 800 மீற்றருக்கு மேல் இறக்கம். கியர் உள்ள பைக் என்றால் இரண்டாவது கியரில் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருவரும் சாமானும் ஏறினால் பாரம் பெரும்பாலும் பிரேக் கட்டைகள்மேல்; தொடர்ந்து அழுத்தினால் அவை சூடேறிப் பிடிமானம் இழக்கும். இதே வீதியில்தான் 2025 செப்டம்பர் 4 இரவு பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். அந்த நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தையே உலுக்கின. மழைக்காலத்தில் புறப்படுமுன் வீதி நிலைமையை பஸ் சாரதிகளிடம் கேட்டுக்கொள்வது வரைபடத்தைப் பார்ப்பதைவிட உருப்படியானது.

வாங்கிய பைக்கோடு இந்தியாவுக்குப் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது உண்மை. ஆனால் அது பயணிகள் கப்பல், வண்டி ஏறாது. ஆக இந்தத் தீவில் வாங்கிய பைக்கை இந்தத் தீவிலேயே விற்றாக வேண்டும். விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது விற்பவருக்கு எந்தத் தரகரும் நல்ல விலை சொல்ல மாட்டார்.

எனவே ஒரு மாதத்துக்குள் ஊர் திரும்புகிறவருக்கு வாடகைதான் சரி. தாள்கள் முழுதாக உள்ள, பிரேக் சோதித்த வாடகை வண்டி. நீண்ட விசாவும் இங்கே முகவரியும் பொறுமையும் உள்ளவர் மட்டும் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இவ்வளவும் வாங்குபவருக்கு. பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறைப் பக்கத்து இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டொலரில் நல்ல விலை கிடைக்கிறதென்று வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பைக்கைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வண்டி அறுகம்பையில் யாரையாவது மோதினால் நீதிமன்ற அழைப்பாணை வருவது புக்கில் உள்ள உங்கள் பெயருக்குத்தான். ஓட்டியவர் அதற்குள் தன் நாட்டில் இருப்பார். லீசிங் முடிந்ததற்கான கடிதத்தை எடுங்கள், படிவத்தில் திகதியையும் பெயரையும் முழுமையாக நிரப்புங்கள், வாங்குபவரின் கடவுச்சீட்டுப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், விற்றதை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். சாவியை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.