மருந்திட்டும் மீன்கள் மடிவதேன்?

மாலையில் துள்ளித் திரிந்த மீன்கள் விடியற்காலையில் தொட்டியின் அடியில் அசைவற்றுக் கிடக்கக் காணும் சிறுவனின் துயரத்தைக் கடல்மீன் வளர்த்தவர்கள் நன்கறிவர். ஒராக் குஞ்சுகள் நான்கு, கோமாளி மீன்கள் இரண்டு. எத்துணை ஆசையோடு கொண்டுவந்தவை! நோய் தொற்றலாகாது என்று அவற்றைத் தனித்தொட்டியில் விட்டு மருந்தும் இட்டான். ஆயினும் மூன்றாம் நாள் அனைத்தும் மடிந்தன. மருந்து போதவில்லை என்று அவன் எண்ணுகிறான். உண்மையோ பெரும்பாலும் வேறாகும்.

புதிதாய் வந்த மீன்களைச் சில வாரம் வேறாக வைத்திருந்து, நோயில்லை எனக் கண்ட பின்னரே பழைய மீன்களோடு சேர்த்தல் முறை. மனிதரும் இம்முறையைக் கையாண்டனர். கொள்ளைநோய்க்கு அஞ்சிய வெனிசு நகரத்தார், வந்த கப்பல்களை 40 நாள் ஒதுக்கி நிறுத்தினர். நமது எதிர்க்கரையாகிய மண்டபத்தில், இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரைத் தங்கவைத்துச் சோதித்த முகாம் ஒன்று இருந்தது. இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949ஆம் ஆண்டில் அம்மண்டபம் முகாமுக்கே இடம் மாறியது வியப்பான பொருத்தமன்றோ?

தனித்தொட்டி நல்லதாயின், மீன்கள் அங்கே மடிவதேன்? மீனின் கழிவும் எஞ்சிய இரையும் அமோனியா என்னும் நஞ்சைத் தருகின்றன. பழகிய தொட்டியில், கல்லிலும் வடிகட்டும் பஞ்சிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் அந்நஞ்சை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இத்தொழிலைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டியவர் உருசிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. புதிய தொட்டியில் இவை பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும். நோய்க்கிருமியைக் கொல்ல இடும் மருந்துகள் சில, இந்த நல்ல பணியாளரையும் கொன்றுவிடுகின்றன! அத்துடன், நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடுந்தோறும் அமோனியாவின் நச்சும் கூடும். கடல்நீர் இயல்பிலேயே காரமானது. நமது குடாநாட்டின் வெயிலைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலால், மீன் மடிந்ததும் மருந்துப் போத்தலை நாடாது, மடிந்த விதத்தை முதலில் ஆராய வேண்டும். பலவகை மீன்களும் ஓரிரவிலேயே ஒருங்கு மடிந்தால், நஞ்சு அல்லது ஒட்சிசன் குறைவு என ஐயுறலாம். மேற்பரப்பில் வாய்திறந்து திணறிப் பெரிய மீன்கள் முதலில் மடிந்தால், ஒட்சிசன் குறைவே பெரும்பாலும் காரணம். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 6 மில்லிகிராம் ஒட்சிசனையே கொள்ளும். இரவில் மின்சாரம் தடைப்பட்டுக் காற்றூட்டும் கருவி நின்றதா என வினவுக. உடலில் வெண்புள்ளிகளோ மாப்போன்ற படிவோ தோன்றி, நாட்கணக்கில் ஒவ்வொன்றாய் மடிந்தால் நோயெனக் கொள்ளலாம்.

வெண்புள்ளி நோய்க்குச் செப்புக் கரைசல் இடுவர். சாதாரண செப்புக் கரைசலாயின், லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செப்பே போதும். மிகுந்தால் அதுவே நஞ்சு. தொட்டியில் அழகுக்காக முருகைக்கல்லை வைத்தால், அது செப்பை உறிஞ்சி அளவைக் குலைத்துவிடும். மீன் ஒளிவதற்குப் பிளாத்திக்குக் குழாய்த் துண்டே நன்று.

வீட்டுப் பொருள்களையும் ஐயுறுக. தோட்டத்துக்கு மருந்து கரைத்த வாளி, செப்புக்குடம், சவர்க்காரக் கை, நுளம்புக்கு விசிறிய மருந்து ஆகிய யாவும் மீனுக்குப் பகை. வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அக்குறையைக் கடல்நீரால் நிரப்பினால் உவர்ப்பு ஏறும். நன்னீரே ஊற்ற வேண்டும். ஆனால் குளோரின் இட்ட கிணற்று நீரை அப்படியே ஊற்றலாகாது.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? இறந்த மீனை உடனே அகற்றுக. காற்றோட்டத்தைப் பெருக்குக. அமோனியா, உவர்ப்பு, வெப்பம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதி வைக்குக. அமோனியா காணப்படின் இரையை நிறுத்தி, அதே உவர்ப்பும் வெப்பமும் உள்ள புதிய கடல்நீரால் ஒரு பகுதியை மாற்றுக. காரணம் தெரியும்வரை வேறு மருந்து சேர்க்க வேண்டா. அடுத்த முறை மீன் வாங்குமுன்னரே, நலமான தொட்டியில் ஒரு பஞ்சைச் சில வாரம் ஊறவிட்டு, அதனைத் தனித்தொட்டியில் இடுக. பணியாளர் முன்சென்று காத்திருப்பர்.

மீன் வளர்ப்பவன் உண்மையில் வளர்ப்பது நீரையே. கடல் தாய்போல் காத்த உயிரை நாம் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அடைத்தோமாயின், அந்நீரைக் காக்கும் கடனும் நம்மையே சாரும். சிறுவனின் கையில் மருந்துப் போத்தலுக்கு முன்னர் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். அடுத்த விடியலில் அவனது மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும்.