உடலின் சிக்கனம்

முதல் உலகப் போரின்போது, 1915 டிசம்பரில், இன்றைய ஈராக்கிலுள்ள கூட் நகரில் பிரித்தானிய இந்தியப் படை முற்றுகைக்குள் சிக்கியது. முற்றுகை 147 நாள்கள் நீடித்தது. காய்கறியும் பழமும் அரிதாயின. நாளடைவில் இந்திய வீரர் பலரை ஸ்கர்வி நோய் தாக்கியது. ஈறு வீங்கிக் குருதி கசிதலும், புண் ஆறாமையும், மூட்டுவலியும் இந்நோயின் அறிகுறிகள். வைட்டமின் சி குறைவே இதற்குக் காரணம்.

காய்கறி கிடைக்காத மறுநாளே இந்நோய் வருவதில்லை. ஒன்று முதல் மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே வெளிப்படும். அதுவரை உடலைக் காப்பது எது?

ஆடு, மாடு, நாய் முதலியன இச்சத்தைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கின்றன. மனிதருக்கு அத்திறன் இல்லை. ஆகவே, வரவு குறையும்போது நம் உடல் சிக்கனத்தை மேற்கொள்கிறது.

1. சிறுகுடல், கிடைக்கும் சிறிதளவு சத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது.
2. சிறுநீரகம், வடிகட்டிய நீரிலிருந்து சத்தை மீட்டுக் குருதிக்கே திருப்பி அனுப்புகிறது.
3. இரத்தச் சிவப்பணுக்கள், பயன்பட்டு மாற்றமடைந்த சத்தைப் புதுப்பித்து மீண்டும் வழங்குகின்றன.
4. பிற உறுப்புகளில் சத்து குறைந்தாலும், மூளை தன் பங்கை எளிதில் இழப்பதில்லை.

நலமுள்ள ஒருவர் உடலில் ஏறத்தாழ 1,500 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். எஞ்சிய இருப்பில் நாள்தோறும் ஏறத்தாழ 3 விழுக்காடு செலவாகும். முதல் நாள் 45 மில்லிகிராம் செலவிடும் உடல், இருப்பு 300 ஆகும்போது 9 மில்லிகிராமே செலவிடுகிறது. ஆயினும், 'குந்தித் தின்றால் குன்றும் மாளும்' அன்றோ? இருப்பு அதற்கும் கீழே இறங்கினால் நோய் தலைகாட்டும்.

சிக்கனம் காலத்தை நீட்டுமேயன்றி, வரவுக்கு ஈடாகாது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. நம் ஜோகுபாளையத்தில் தள்ளுவண்டியில் விற்கும் கொய்யாப்பழம் ஒன்றே அத்தேவையை நிறைவுசெய்யும். நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் அவ்வாறே துணைபுரியும். கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் இச்சத்து பெரிதும் அழியும் என்பதை மறவாதீர்.

சொற்பொருள்
விழுக்காடு – சதவீதம். குன்று – சிறுமலை. ஈடு – இணை

வினாக்கள்
1. வைட்டமின் சி குறையும்போது சிறுநீரகம் ஆற்றும் பணி யாது?
2. பாடத்திலுள்ள பழமொழி உடலின் இருப்புக்கு எவ்வாறு பொருந்துகிறது?
3. நேற்று நீங்கள் உண்ட உணவில் வைட்டமின் சி தந்தவை எவை? பட்டியலிடுக.